கொச்சுஜாங் கேட்டால் சம்பல் போடலாமா? ஆசிய மிளகாய் விழுதுகளை மாற்றிச் சமைக்க ஒரு வழிகாட்டி

சமையல் குறிப்பில் கொச்சுஜாங் எனும் கொரிய மிளகாய் விழுது இரண்டு டேபிள்ஸ்பூன் என்று இருக்கிறது. ஃபிரிட்ஜில் இருப்பதோ பாதி காலியான சம்பல் ஓலெக் எனும் இந்தோனேசிய மிளகாய் விழுது. இரண்டும் சிவப்பு, இரண்டும் காரம், ஒன்றுக்கு இன்னொன்றைப் போட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. போட்டுப் பார்த்தால் குழம்பு தண்ணீராக நிற்கும், காரம் மட்டும் முன்னால் வந்து நாக்கைப் பிடிக்கும், குறிப்பில் சொன்ன அந்த இனிப்பும் கெட்டியும் எங்கே போயின என்றே தெரியாது.

விழுதுகளை மாற்றும்போது நாம் முதலில் கவலைப்படுவது காரத்தைப் பற்றித்தான். உண்மையில் ஈடுகட்ட ரொம்பச் சுலபமானது காரம்தான்; அரை டீஸ்பூன் மிளகாய்த்தூளில் அந்த வேலை முடிந்துவிடும். கஷ்டமெல்லாம் மற்றவற்றில்: உப்பு எவ்வளவு, இனிப்பு உண்டா, புளிப்பு உண்டா, மாதக்கணக்கில் புளித்து வந்த ஆழமான சுவை உண்டா, கெட்டித்தன்மை எங்கிருந்து வருகிறது. இந்த ஐந்தையும் பார்த்துவிட்டுக் கடைசியாகக் காரத்துக்கு வந்தால் போதும்.

முதல் படி: தட்டில் வைத்துப் பாருங்கள்

கையில் எத்தனை விழுது இருக்கிறதோ அத்தனையிலும் கால் டீஸ்பூன் எடுத்து, ஒரு வெள்ளைத் தட்டில் தள்ளித் தள்ளி வையுங்கள். தட்டை லேசாகச் சாயுங்கள். சம்பல் ஓலெக்கிலிருந்து சிவப்புத் தண்ணீர் பிரிந்து ஓடும். விதையும் தோலும் அங்கேயே தங்கிவிடும். கொச்சுஜாங் இம்மியும் நகராது, பளபளவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். சீனாவின் டோபான்ஜியாங் கரடுமுரடாக, அடர்ந்த செம்பழுப்பில், பாதி உடைந்த பருப்புத் துண்டுகளோடு உட்கார்ந்திருக்கும். தாய்லாந்தின் நாம் பிரிக் பாவைச் சுற்றி எண்ணெய் வளையம் கட்டும். வாயில் வைப்பதற்கு முன்பே, எதை எதற்குப் பதில் போடக்கூடாது என்பது பாதி தெரிந்துவிடும்.

பிறகு ருசி பாருங்கள். உப்புப் போடாத வெறும் சோறு ஒரு வாய், விழுது ஒரு துளி. முதலில் நாக்கில் படுவது உப்பா, இனிப்பா, புளிப்பா என்று கவனியுங்கள். காரம் சற்றுத் தாமதமாகத்தான் ஏறும். அதனால் அடுத்ததற்குப் போகும் முன் ஒரு நிமிடம் பொறுங்கள். நாக்கு எரிந்தால் தண்ணீர் குடித்துப் பயனில்லை. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை, கொழுப்பில்தான் கரையும். ஒரு வாய்ப் பாலோ தயிரோ எடுத்துக்கொண்டு தொடருங்கள்.

இரண்டாம் படி: லேபிளில் இரண்டே இடங்கள்

பாட்டிலின் முன்பக்கம் விளம்பரம். பின்பக்கத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, சேர்மானப் பட்டியல். பல நாடுகளில் எடை அதிகமானது முதலில் வரும் வரிசையில்தான் இது அச்சாகிறது. கொச்சுஜாங்கில் முதல் இடத்தில் சோளச் சிரப் இருந்தால், அது இனிப்பு தூக்கலான ரகம். குறிப்பில் சொன்ன சர்க்கரையை அப்படியே போட்டால் திகட்டும். சிவப்பு டப்பாவில் வரும் கெட்டி விழுது வேறு, பிதுக்கும் பாட்டிலில் வரும் ‘கொச்சுஜாங் சாஸ்’ வேறு என்பதையும் இங்கேதான் கண்டுபிடிக்க வேண்டும். சாஸில் வினிகரும் சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்திருக்கும். அது சோற்றின்மேல் ஊற்றிக் கலக்க நல்லது. கொதிக்கும் குழம்பில் போட்டால் புளிப்பு துருத்திக்கொண்டு நிற்கும். புதிதாக வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இரண்டு, 100 கிராமில் சோடியம் எவ்வளவு என்பது. அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் எடை வந்துவிடும். ஒரு விழுதில் 2400 மில்லிகிராம் சோடியம் என்றால் 100 கிராமில் 6 கிராம் உப்பு. இன்னொன்றில் 6000 மில்லிகிராம் என்றால் 15 கிராம் உப்பு. கெட்டியான விழுது ஒரு டேபிள்ஸ்பூன் சுமார் 18 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், முதலாவதில் ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு, இரண்டாவதில் 2.7 கிராம். சராசரியாக கொச்சுஜாங்குக்கும் டோபான்ஜியாங்குக்கும் இடையே உள்ள தூரம் இந்த மாதிரிதான். அளவுக்கு அளவு மாற்றியவர்கள் ‘உப்புக் கரிக்கிறது’ என்று புலம்புவது ஏன் என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது. எந்த மாற்றாக இருந்தாலும், குறிப்பில் சொன்ன உப்பையும் சோயா சாஸையும் முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். கடைசியில் ருசி பார்த்துத் தேவையானால் சேர்க்கலாம்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் சேர்மானப் பட்டியலை இன்னொரு முறை படிக்க வேண்டும். சம்பல் பெலாச்சானில் இறால், நாம் பிரிக் பாவில் பெரும்பாலும் உலர்ந்த இறாலும் மீன் சாஸும், தாய் கறி விழுதுகளில் பெரும்பாலும் இறால் விழுது. கொச்சுஜாங் பொதுவாகச் சைவம்தான், ஆனால் பெரும்பாலும் கோதுமையோ பார்லியோ இருக்கும் என்பதால் குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது; சிலவற்றில் கெடாமல் இருக்க ஆல்கஹாலும் சேர்க்கிறார்கள். டோபான்ஜியாங்கில் ஃபாவா பீன்ஸ் இருப்பதால் ஜி6பிடி எனும் நொதிக் குறைபாடு உள்ளவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. அவர்களுக்கு ஃபாவா பீன்ஸ் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும்.

மூன்றாம் படி: எது எந்தக் குடும்பம்

புதிய மிளகாய்க் குடும்பம். இந்தோனேசியாவின் சம்பல் ஓலெக்தான் இதில் தலைமகன். சிவந்த மிளகாய், உப்பு, சில சமயம் கொஞ்சம் வினிகர், அவ்வளவுதான். பூண்டு கிடையாது, சர்க்கரை கிடையாது. அதில் பூண்டு சேர்ந்தால் சில்லி கார்லிக் சாஸ். தாய்லாந்தின் சொன்புரி மாகாணத்து ஊரான ஸ்ரீராச்சாவின் பெயரைத் தாங்கிய சாஸ் வழவழப்பானது, சர்க்கரையும் பூண்டும் வினிகரும் சேர்ந்தது. சீனாவின் ஹூனான் மாகாணத்தில் மிளகாயைக் கொத்தி உப்பில் ஊறப்போட்டுப் புளிக்க வைக்கும் துவோஜியாவோவும் இந்தக் குடும்பத்தில் சேரும்.

பருப்பு புளித்த குடும்பம். கொரியாவின் கொச்சுஜாங்கில் மிளகாய்த்தூள், பசையரிசி, புளிக்க வைத்த சோயா உருண்டையைப் பொடித்த மெஜு தூள், முளைகட்டிய பார்லி, உப்பு எல்லாம் உண்டு. பார்லி முளையில் உள்ள நொதிகள் அரிசியின் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. பாரம்பரிய முறையில் அந்த இனிப்பு இப்படித்தான் வருகிறது. வடக்கு ஜொல்லா மாகாணத்தின் சுஞ்சாங் இதற்குப் பேர்போன ஊர். சீனாவின் சிச்சுவானில், செங்டூவை ஒட்டிய பிக்ஸியனில் செய்யும் டோபான்ஜியாங்கில் அரிசியும் இல்லை, இனிப்பும் இல்லை. ஃபாவா பீன்ஸைத் தனியாகப் புளிக்க வைத்து, உப்பிட்ட மிளகாயோடு கலந்து, பெரிய மண்ஜாடிகளில் பகலில் வெயில் பட, இரவில் பனி பட, கிளறிக் கிளறி மாதக்கணக்கில் விடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் விட்டது இன்னும் கருத்து, இன்னும் மணக்கும். இதற்கும் ஓர் எச்சரிக்கை: டோபான்ஜான் என்ற பெயரில் சிறு பாட்டில்களில் வரும் வழவழப்பான சாஸ் பெரும்பாலும் உப்பு தூக்கலாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கும். பிக்ஸியன் என்று எழுதியிருப்பதைத் தேடி எடுங்கள்.

கடல் வாசனைக் குடும்பம். மலேசியாவின் சம்பல் பெலாச்சான், இந்தோனேசியாவின் சம்பல் தெராசி இரண்டிலும் புளிக்க வைத்த இறால் விழுது உயிர்நாடி. நாம் பிரிக் பாவில் மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு மூன்றையும் கருக வறுத்து, உலர்ந்த இறால், புளி, பனைவெல்லம், மீன் சாஸ் சேர்த்து எண்ணெயில் வதக்குகிறார்கள். இனிப்பு, புளிப்பு, புகை மணம் மூன்றும் ஒரே கரண்டியில் கிடைக்கும் விழுது அது ஒன்றுதான்.

இவை போக, தாய் ரெட் கறி விழுது. இதை மிளகாய் விழுது என்று நினைப்பதே தப்பு. எலுமிச்சைப்புல், கலங்கல் எனும் பேரரத்தை, மக்ரூட் எலுமிச்சைத் தோல், கொத்தமல்லி வேர் என்று மூலிகைகள்தான் அதன் அடையாளம். மிளகாய் கூட வருகிறது. கடைசியாக, சீனாவின் சில்லி கிரிஸ்ப். அது விழுதே அல்ல, மொறுமொறுப்புத் துண்டுகள் மிதக்கும் எண்ணெய்.

நான்காம் படி: எப்போது அடுப்பில் போகிறது?

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் மிச்சமெல்லாம் மறந்துபோனாலும் இதை மட்டும் மறக்கக்கூடாது. ஒரு விழுதை எண்ணெயில் வதக்குகிறார்களா, குழம்பில் கரைக்கிறார்களா, சமைத்து முடித்து மேலே வைக்கிறார்களா என்று பாருங்கள். மாற்று விழுதாலும் அந்த இடத்தில் நிற்க முடிய வேண்டும்.

டோபான்ஜியாங் எண்ணெயில்தான் பிறக்கிறது. கடாயில் இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, மிதமான தீயில் சூடானதும், பொடியாகக் கொத்திய டோபான்ஜியாங்கைப் போடுங்கள். முதலில் சடசடவென்று ஈரம் போகும். எண்ணெய் கலங்கலாகத் தெரியும். ஒரு நிமிடம் விடாமல் கிளறினால் சடசடப்பு அடங்கி, எண்ணெய் தெளிந்து, செம்பு நிறம் ஏறி, ஓரங்களில் பிரிந்து நிற்கும். மிளகாயின் நிறமும் காரமும் கொழுப்பில் கரைவதால்தான் இது நடக்கிறது. சிச்சுவானின் காரமான தோஃபு உணவான மாப்போ தோஃபுவின்மேல் மினுங்கும் அந்தச் சிவப்பு எண்ணெய் இங்கே தயாராவதுதான். இந்த ஒரு நிமிடத்தைத் தவறவிட்டு, நேராகத் தண்ணீரில் கரைத்தவர்களுக்கு வெறும் உப்பும் பச்சை வாடையும்தான் மிஞ்சும்.

கொச்சுஜாங்கை அப்படிச் சூடான எண்ணெயில் தனியாகப் போட்டுப் பாருங்கள், நொடியில் அடிப்பிடித்துக் கருகும். அதில் இருக்கும் சர்க்கரையும் மாவும் காரணம். அதைத் தண்ணீரிலோ சாற்றிலோ கரைத்துவிட்டு ஊற்றுவதுதான் முறை. இறைச்சியில் தடவிச் சுடும்போதும் தீ குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே கரி, உள்ளே பச்சை.

சம்பல் ஓலெக் எங்கே போட்டாலும் நிற்கும். வதக்கலாம், கரைக்கலாம், பச்சையாகவே தொட்டுக்கொள்ளலாம். ஸ்ரீராச்சாவும் சில்லி கிரிஸ்ப்பும் மேலே வைக்கத்தான். கிரிஸ்ப்பைக் கொதிக்க வைத்தால் மொறுமொறுப்பெல்லாம் ஊறிச் சவசவத்துவிடும். அதிலேயே சமைக்க வேண்டும் என்றால் எண்ணெயை மட்டும் வடித்து வதக்க வைத்துக்கொண்டு, துண்டுகளைப் பரிமாறும்போது தூவுங்கள்.

ஐந்தாம் படி: மாற்றுகள், அளவோடு

கீழே உள்ள ஒவ்வொன்றும் ஒரு டேபிள்ஸ்பூன் விழுதுக்கு ஈடானது. ஒரு டேபிள்ஸ்பூன் என்பது மூன்று டீஸ்பூன். விழுதுக்கு விழுது, நிறுவனத்துக்கு நிறுவனம் உப்பும் காரமும் மாறும் என்பதால் முதல் முறை முக்கால் அளவு போட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

கொச்சுஜாங்குக்கு: மிசோ (ஜப்பானின் புளித்த சோயா விழுது) ஒன்றரை டீஸ்பூன், நிறம் தூக்கலாகவும் காரம் குறைவாகவும் உள்ள மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், தேன் அல்லது சர்க்கரைப் பாகு ஒரு டீஸ்பூன். ஒரு டீஸ்பூன் வெந்நீர் விட்டுக் குழைத்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் தூள் ஊறி, நறநறப்பு போய், கலவை இறுகும். குழம்பு கெட்டியாக வேண்டும் என்றால் அரை டீஸ்பூன் அரிசி மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சேருங்கள். பிபிம்பாப் எனும் கொரியக் கலவைச் சோற்றில் கலக்க, கோழியில் தடவ, குழம்பில் கரைக்க இது தாராளமாகப் போதும். தொக்பொக்கி எனும் கொரிய அரிசிக் கேக் உணவு மாதிரி விழுதின் சுவையே உணவாக இருக்கும் இடத்தில் வித்தியாசம் தெரியத்தான் செய்யும்.

மயோனைஸில் கலந்து தொட்டுக்கொள்வதற்குத்தான் கொச்சுஜாங் கேட்கிறார்கள் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ஸ்ரீராச்சா ஒரு டேபிள்ஸ்பூனில் கால் டீஸ்பூன் சோயா சாஸ் விட்டால் காரியம் முடிந்தது.

டோபான்ஜியாங்குக்கு: சம்பல் ஓலெக் ஒன்றரை டீஸ்பூன், சிவப்பு மிசோ அல்லது கொரியாவின் சோயா விழுதான தொயென்ஜாங் ஒன்றரை டீஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், சோயா சாஸ் அரை டீஸ்பூன். புளிக்க வைத்த கறுப்பு சோயா இருந்தால் நாலைந்து மணிகளை நசுக்கிச் சேருங்கள்; அது சேர்ந்தால் பாதி தூரத்தை அதுவே கடத்திவிடும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். சம்பலை முதலில் எண்ணெயில் போட்டு ஈரம் போக வதக்கி, தீயைக் குறைத்து மிளகாய்த்தூளைப் போட்டு, கடைசியில் மிசோ. மிசோ முன்னால் போனால் கடாயில் அப்பிக்கொள்ளும், சம்பலின் ஈரமும் போகாது.

டோபான்ஜியாங்குக்குப் பதில் கொச்சுஜாங் மட்டும்தான் இருக்கிறது என்றால், ஒன்றரை டீஸ்பூன் கொச்சுஜாங், ஒன்றரை டீஸ்பூன் மிசோ எடுத்துக்கொண்டு, குறிப்பில் உள்ள சர்க்கரையை அடியோடு விட்டுவிடுங்கள். வருவதை மாப்போ தோஃபு என்று சிச்சுவான்காரர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் சோற்றோடு நன்றாக இறங்கும். சிச்சுவான் மிளகு கொஞ்சம் தூவினால் இன்னும் நெருங்கும்.

சம்பல் ஓலெக்குக்கு: இதை வாங்கவே வேண்டாம் என்பேன். சிவந்த மிளகாய் 100 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், வினிகர் ஒரு டீஸ்பூன். கல்லில் வைத்துத் தட்டி நசுக்குங்கள். மிக்சியில் என்றால் விட்டு விட்டு ஓட்டி, விதை முழுதாகத் தெரியும்போதே நிறுத்துங்கள். மைய அரைத்துவிட்டால் அது வேறு சாஸ். புதிய மிளகாய் இல்லையென்றால் காய்ந்த மிளகாயை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து அரைக்கலாம். பழத்தின் அந்தப் புத்துணர்ச்சி இருக்காது, வதக்கும் சமையலுக்கு ஒத்துவரும். சில்லி கார்லிக் சாஸை அதே அளவில் போட்டுக் குறிப்பில் பூண்டைக் குறைத்தாலும் சரிதான். ஸ்ரீராச்சாவை இந்தோனேசிய வறுத்த சோறான நாசி கோரெங்கில் போடலாம், ஏற்கெனவே அதில் கெச்சாப் மானிஸ் எனும் இனிப்பான சோயா சாஸ் சேருகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு.

துவோஜியாவோவுக்கு: சம்பல் ஓலெக்கில் இன்னும் கொஞ்சம் உப்புச் சேர்த்துச் சில நாட்கள் ஃபிரிட்ஜில் வைத்திருந்து பயன்படுத்துங்கள். மீனின்மேல் பரப்பி ஆவியில் வேகவைக்க இந்த மாற்று அருமை. இந்தப் பட்டியலிலேயே அசலோடு அதிகம் ஒட்டிவரும் ஜோடி இதுதான்.

சம்பல் பெலாச்சானுக்கு: சம்பல் ஓலெக் இரண்டரை டீஸ்பூன், சுட்ட பெலாச்சான் (இறால் விழுது) அரை டீஸ்பூன், சில துளி எலுமிச்சைச் சாறு. பெலாச்சானை மெல்லிய வில்லையாக நறுக்கி எண்ணெயில்லாத வாணலியில் உதிரும்வரை வாட்ட வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள், வாடை லேசில் போகாது. சைவமாக வேண்டும் என்றால் பெலாச்சானுக்குப் பதில் அரை டீஸ்பூன் சிவப்பு மிசோவும், வாட்டிப் பொடித்த கடற்பாசித் தாள் ஒரு சிட்டிகையும். இறால் வாசனை வராது, கடலின் சாயல் வரும்.

நாம் பிரிக் பாவுக்கு: சம்பல் ஓலெக் ஒரு டீஸ்பூன், பொன்னிறத்துக்கும் ஒரு படி மேலே வறுத்து நசுக்கிய சின்ன வெங்காயமும் பூண்டும் ஒரு டீஸ்பூன், புளிக்கரைசல் அரை டீஸ்பூன், பனைவெல்லம் அரை டீஸ்பூன், மீன் சாஸ் அரை டீஸ்பூன், எண்ணெய் ஒரு டீஸ்பூன். எல்லாம் சேர்த்துச் சிறு தீயில் ஜாம் பதம் வரும்வரை கிளறுங்கள். டாம் யம் சூப்பில் கரைக்க இது போதும். வெங்காயமும் பூண்டும் ஓரங்களில் கருத்திருப்பது முக்கியம். புகை மணம் அதிலிருந்துதான்.

ரெட் கறி விழுதுக்கு மாற்றாக மிளகாய் விழுது எதையும் போடாதீர்கள். எலுமிச்சைப்புல் இல்லாமல் அந்தக் கறி இல்லை. விழுது கிடைக்காத நாளில் வேறு கறி செய்வது உத்தமம். யெல்லோ கறி விழுது இருந்தால் அதோடு சம்பல் ஓலெக் சேர்த்து ஓரளவு ஒப்பேற்றலாம், அவ்வளவுதான்.

ஜப்பானின் க்யூஷு பக்கத்தில் யூசு எனும் எலுமிச்சை வகையின் தோலும் மிளகாயும் சேர்த்துச் செய்யும் யூசு கோஷோவுக்கு எலுமிச்சைத் தோல் துருவல், பச்சை மிளகாய், உப்பு மூன்றையும் நசுக்கிக்கொள்ளுங்கள். பழத்தின் மணம் வேறு, வேலை ஒன்றே.

ஆறாம் படி: கைமீறிப் போனால்

உப்பு கூடிவிட்டது என்றால் சர்க்கரை போட்டு மறைக்கப் பார்ப்பார்கள். அது நாக்கை ஏமாற்றுவது மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கிறது. உப்பில்லாத பொருளைக் கூட்டுங்கள்: தோஃபு, காய், தண்ணீர், பக்கத்தில் உப்பில்லாத சோறு. உருளைக்கிழங்கைப் போட்டு எடுத்தாலும் அது குடிப்பது உப்பை மட்டுமல்ல, உப்புத் தண்ணீரைத்தான். எடுத்தபின் மிச்சக் குழம்பு முன்பிருந்த அதே கரிப்பில்தான் இருக்கும்.

காரம் கூடினால் கொழுப்பு கைகொடுக்கும். தேங்காய்ப்பால், எள் விழுது, நிலக்கடலை வெண்ணெய், ஒரு முட்டை, எது உணவோடு ஒட்டுமோ அது. கூடவே ஒரு சிட்டிகைச் சர்க்கரை.

எல்லாம் சரியாக இருந்தும் ‘ஏதோ குறைகிறது’ என்று தோன்றினால், பெரும்பாலும் குறைவது புளித்த சுவைதான். அரை டீஸ்பூன் மிசோவைச் சூடான சாற்றில் கரைத்து அடுப்பை அணைத்தபின் சேருங்கள். அசைவர்களுக்கு நாலு துளி மீன் சாஸ். இதற்கு மிளகாயைக் கூட்டுவது வீண். காரம் ஏறும், குறை அப்படியே இருக்கும். வாயில் கனமாக, மந்தமாகத் தெரிந்தால் மட்டும் சில துளி அரிசி வினிகர்.

எதை முதலில் வாங்குவது?

ஒன்றே ஒன்று என்றால் பலர் கொச்சுஜாங்கைச் சொல்வார்கள். நான் டோபான்ஜியாங்கைச் சொல்வேன். கொச்சுஜாங்கை மிசோவும் தேனும் வைத்து ஓரளவு கட்டிவிடலாம், சம்பல் ஓலெக்கை வீட்டிலேயே தட்டிவிடலாம். வெயிலிலும் பனியிலும் கிடந்து வந்த டோபான்ஜியாங்கின் சுவையைத்தான் கரண்டிக் கணக்கில் கட்ட முடிவதில்லை. பக்கத்தில் ஒரு டப்பா மிசோ இருந்தால் மேலே சொன்ன மாற்றுகளில் பாதி உங்கள் கைக்குள். கொச்சுஜாங் வாங்கும் நாளில், கொரிய டப்பாக்களில் காரம் 5 படிகளாக அச்சிடப்பட்டிருப்பதைப் பாருங்கள். நடுப்படியில் தொடங்குவது நல்லது. காரத்தை எப்போது வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம்.

திறந்த பாட்டில்கள்

கொச்சுஜாங், டோபான்ஜியாங், சம்பல் எல்லாமே திறந்தபின் ஃபிரிட்ஜில். கரண்டி காய்ந்திருக்க வேண்டும். கொச்சுஜாங்கின் மேற்பரப்பு காற்றுப்பட்டுக் கருஞ்சிவப்பாக மாறுவது இயல்பு, கலந்து பயன்படுத்தலாம். டப்பாவுடன் வரும் மேல்தாளைத் தூக்கிப் போடாமல் விழுதின்மேல் அழுத்தி வைத்தால் அதுவும் குறையும். பஞ்சு போன்ற பூஞ்சை, பச்சையோ கறுப்போ புள்ளிகள் தெரிந்தால் சுரண்டிவிட்டுச் சாப்பிட வேண்டாம், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

வீட்டில் தட்டிய சம்பலை ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மிச்சமானதை ஐஸ் தட்டில் ஒரு டேபிள்ஸ்பூன் அளவாக உறைய வைத்தால், அடுத்த முறை அளக்கும் வேலையும் மிச்சம். பச்சைப் பூண்டு கலந்த விழுதை எண்ணெயில் மூழ்கவைத்து அலமாரியில் வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். காற்றில்லாத எண்ணெயடியில் பாட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமி வளர முடியும். அதற்கு வாடையும் இருக்காது, நிறமும் மாறாது. அந்த மாதிரிக் கலவையைச் சிறிதளவே செய்து, ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள்.